புயல் மழைக்கு முன் கார் ஹாம் ரேடியோவில் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்சாரமும் செல்போனும் சேர்ந்தே போயின. அத்தகைய நாளில் கைகொடுக்கக்கூடியவை, உரிமம் பெற்ற ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) காரில் வைத்திருக்கும் மல்டிபேண்ட் செட்டுகள், அதாவது பல அலைவரிசைப் பகுதிகளில் பேசக்கூடிய ரேடியோக்கள். செட் எவ்வளவு நல்லதானாலும் வயரிங் சரியில்லை என்றால் பயனில்லை.

செட்டின் மின் இணைப்பைக் காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகவே கூடாது. 50 வாட்டில் அனுப்பும்போது செட் 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும்; 100 வாட் எச்.எஃப். (தொலைவு செல்லும் சிற்றலை) செட் என்றால் 20-க்கும் மேல். சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். ஃபியூஸ் தாங்கினாலும் மெல்லிய வயரில் வோல்டேஜ் விழுந்து, பேச பட்டனை அழுத்தியதுமே செட் அணைந்துவிடும். பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் இழுங்கள். போக வர மொத்தம் 10 மீட்டர் என்றால், 4 சதுர மி.மீ. செம்பு வயரில் 12 ஆம்பியருக்கு அரை வோல்ட் அளவே இழப்பு. 100 வாட்டுக்கு 10 சதுர மி.மீ. வேண்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். செட் பக்கம் மட்டும் வைத்தால், வயர் வழியில் உரசி பாடியில் பட்டதும் தீப்பிடிக்கும்.

ஆண்டெனாவுக்குக் கூரையின் நடுவே சிறந்த இடம். சுமார் 50 செ.மீ. கம்பி 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீள ஆண்டெனாவாகவும் 435-ல் முக்கால் அலைநீள ஆண்டெனாவாகவும் வேலை செய்யும். 7 மெகாஹெர்ட்ஸில் காரில் நிற்கும் விப் (ஒற்றைக் கம்பி) ஆண்டெனாவை விட, வண்டியை நிறுத்திவிட்டு மூங்கில் நட்டு, பக்கத்துக்கு 10 மீட்டராக டைபோல் (நடுவில் இணைப்பு கொடுத்து இரு பக்கமும் இழுத்துக் கட்டும் கம்பி ஆண்டெனா) கட்டுவது எவ்வளவோ மேல். ஐந்து மீட்டர் உயரம் போதும். அலை செங்குத்தாக மேலே போய்த் திரும்புவதால் பகலில் பக்கத்து மாவட்டங்கள் தெளிவாகக் கேட்கும். இரவில் அது கைவிட்டால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்.

ஒரு அலைவரிசைப் பகுதியில் கேட்டதை இன்னொன்றில் திருப்பி அனுப்பும் கிராஸ்பேண்ட் ரிப்பீட் வசதியைப் பலர் முயன்று பார்ப்பதே இல்லை என்பது என் வருத்தம். நிவாரண முகாமுக்குள் இருப்பவர் யு.எச்.எஃப். (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) கைக்கருவியில் பேசுவதை, வெளியே நிற்கும் கார் வி.எச்.எஃப்.பில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) திருப்பி அனுப்பும். ஆனால் அலைவரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. 145.500-ன் மூன்று மடங்கு 436.500. அந்த இரண்டையும் ஜோடி சேர்த்தால், செட் தன் ஹார்மோனிக்கையே (அனுப்பும் அலையின் மடங்காகத் தோன்றும் உப அலையை) கேட்டுக்கொண்டு ஓயாமல் அனுப்பும். 434.500 போல விலகி நில்லுங்கள். 435-க்கு மேல் செயற்கைக்கோள்களுக்கான பகுதி, அதைத் தொட வேண்டாம். இரு பக்கமும் சி.டி.சி.எஸ்.எஸ். டோன் (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி) கட்டாயம், இல்லாவிட்டால் ஏதோ ஓர் இரைச்சல் ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது செட்டை மௌனமாக வைக்கும் அமைப்பை) திறந்து செட்டைப் பேச வைத்துவிடும். பவரை 10 வாட்டுக்கு மேல் வைக்காதீர்கள். தொடர்ந்து 50 வாட்டில் ஓடினால் செட் சூடேறிப் பவரைத் தானே குறைத்துக்கொள்ளும், பேட்டரியும் இறங்கும். ஊர் ரிப்பீட்டரோடு (உயரமான இடத்திலிருந்து குரலைத் திருப்பி அனுப்பும் நிலையத்தோடு) இணைத்தால் இன்னொரு சிக்கல்: பேச்சு முடிந்த பிறகும் ரிப்பீட்டர் சில வினாடி கேரியரை (குரலில்லாத வெற்று அலையை) விடாது, அதுவரை உள்ளே இருப்பவரால் குறுக்கே பேச முடியாது. ஆகவே ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் சிம்ப்ளெக்ஸே உத்தமம்.

கடலோர மாவட்ட நிர்வாகங்கள் அக்டோபருக்கு முன்பே ஹாம்களை அழைத்து ஒரு மணி நேர ஒத்திகை நடத்த வேண்டும்: ரிப்பீட்டரும் செல்போனும் இல்லாமல், முகாமாகும் பள்ளிகளுக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் இடையே. எந்தப் பள்ளியிலிருந்து குரல் எட்டவில்லையோ, அங்கே கார் நிறுத்த மேடான இடத்தை அன்றே குறித்துவைக்கலாம்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி இயக்குபவர் ஒருவர்,
நாகப்பட்டினம்