ஸ்னூப்பிங்கை ஆன் பண்ணா மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மல்டிகாஸ்ட்ல, அதாவது ஒரே வீடியோவை ஒரே நேரத்துல பல பேருக்கு அனுப்புற முறையில, ஓடுற கேமராவும் ஐபிடிவியும் (நெட்வொர்க் வழியா வர்ற டிவி) ஆபீஸ், ஆஸ்பத்திரி, காலேஜ்னு வந்துடுச்சு, ஆனா பின்னாடி இருக்குற நெட்வொர்க் ஸ்விட்ச்சை யாரும் கண்டுக்கறதே இல்ல, அதான் எழுதுறேன். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், அதாவது எந்த போர்ட்ல (கேபிள் சொருகுற இடம்) இருந்து வீடியோவை கேக்கறாங்கன்னு பாத்து அங்க மட்டும் அனுப்புற வசதி, இல்லாத ஸ்விட்ச் அந்த வீடியோவை எல்லா போர்ட்டுக்கும் தள்ளிவிடும், அந்தப் பக்கம் வெறும் பிரிண்டர் இருந்தாலும் சரி, வைஃபை இருந்தா இன்னும் மோசம், ஏன்னா அங்க மல்டிகாஸ்ட் பெரும்பாலும் குறைஞ்ச ஸ்பீடுல தான் போகும், மத்தவங்களுக்கு நெட்டே நகராது.

சரின்னு ஸ்னூப்பிங்கை ஆன் பண்றாங்க, அதோட விட்டுடறாங்க. அந்த விலான்ல (ஸ்விட்ச்ல தனியா பிரிச்சு வெச்ச நெட்வொர்க்) மல்டிகாஸ்ட் ரவுட்டரோ குவேரியரோ இல்லன்னா "இன்னும் வேணுமா"ன்னு கேக்க ஆளே இல்ல, கேக்காததால பதிலும் வராது, வழக்கமான செட்டிங்ல 260 செகண்ட்ல ஸ்விட்ச் அந்த போர்ட்டை லிஸ்ட்ல இருந்து எடுத்துடும். படம் நாலு நிமிஷம் நல்லா ஓடிட்டு நின்னுடும், உடனே கேமரா மேல பழிய போட்டு அதை மாத்தறாங்க! ரெண்டு நிமிஷம் பாத்துட்டு வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்து போட்டா இது எப்படி தெரியும்? வேலை கொடுக்கறவங்க குவேரியர் எந்த ஸ்விட்ச்ல இருக்குன்னு எழுதி வாங்கணும், பத்து நிமிஷமாவது ஓட விட்டுப் பாக்கணும்.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் டெக்னீஷியன்