மழைக்கு முந்தி

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

டேய் கட்டை,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவாய், திட்டு. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது. முறுக்குக்காரர் இன்னமும் உன்னைக் கேட்கிறார், அந்தப் பாக்கிக்குத்தான்.

விஷயம் என்னவென்றால், நான் ஓடுகிறேன். சிரிக்காதே. சாக்கு ஓட்டத்தில் சாக்கோடு உருண்டவனுக்குச் சிரிக்க வாயில்லை. இனிப்புநீர் வியாதி என்று டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து நடந்து அலுத்துப்போய் ஓட ஆரம்பித்தேன்.

முதல் பத்து நிமிஷம் நரகம்டா. நெஞ்சு அடைக்கும், கால் கல்லாகும், "போதும் திரும்பு, ரொட்டி சானாய் சூடாக இருக்கும்" என்று மனசு நைச்சியம் பேசும். தசை கேட்கிற பிராணவாயுவை நுரையீரலும் இரத்தமும் கொண்டுபோய்ச் சேர்க்கச் சில நிமிஷம் பிடிக்குமாம்; அதுவரை உடம்பு கடனில்தான் ஓடுகிறது. அதைத் தாண்டினால் மூச்சு தானாக ஒரு தாளத்தில் விழும். நம் ஊர்ப் புழுக்கம் வேறு. வேர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு ஆறாது, நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொள்ளும். அதனால் இருட்டு விலகுமுன் கிளம்பிவிடுவேன். ஏற்றம்கூடப் பரவாயில்லை, இறக்கத்தில் ஓடிய மறுநாள் தொடைவலியில் கக்கூஸில் உட்கார முடியவில்லை.

தாப்பா ஊர் ராஜாமணி 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வாங்கிய கதையைச் சொல்லும்போது உன் அப்பாவுக்கு மூச்சிரைக்குமே, அவரே ஓடி வந்த மாதிரி. அவர் இருந்திருந்தால் என்னைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ!

செவ்வாய்க்கிழமை பழைய ரப்பர் தோட்டத்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். வானம் கறுத்தது. முதல் சொட்டு மண்டையில் விழுந்ததுமே கால் ரோட்டை விட்டு மரங்களுக்குள் திரும்பிவிட்டது. நான் திருப்பவில்லைடா, அதுவாகத் திரும்பியது. ரப்பர் பால் வடியும் மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. வாளியைத் தூக்கிக்கொண்டு நாமும் மரத்துக்கு மரம் ஓடுவோமே. அம்மா முன்னால் ஓடும், ஐந்நூறு மரத்து நெரையில், ரப்பர் செருப்போடு, காலில் அட்டை தொங்க. அதை யாரும் ஓட்டம் என்று சொன்னதில்லை. எனக்கு மூன்று கிலோமீட்டருக்கே விலையுயர்ந்த சப்பாத்தும் கைக்கடிகாரமும், பெருமையடிக்க நீயும்.

இப்போது அங்கே செம்பனைதான். கொஞ்ச நேரம் நனைந்துகொண்டே நின்றேன், எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல்.

பள்ளி விடுமுறைக்கு வா. பழைய சப்பாத்து இருந்தால் எடுத்து வா. முறுக்குக்காரர் காசையும்.

உன்,
நெட்டை