போட்டிப் பரீட்சை ஆங்கிலம்: பட்டியலைப் பாடமாக்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் போட்டிப் பரீட்சார்த்திகளுக்கென வெளிவரும் ஆங்கிலப் பயிற்சியைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். வேலை தேடும் பட்டதாரிகளும், பதவி உயர்வுக்காகப் பரீட்சை எழுதும் அரச ஊழியர்களும் எங்கள் பகுதியில் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துப் படிக்கிறார்கள். அவ்வளவு நம்பிக்கையோடு படிக்கப்படும் பக்கம் என்பதால்தான் அதில் ஒரு மாற்றத்தைக் கேட்கிறேன். மரபுத்தொடர்ப் பட்டியல்களைக் குறைத்து, தமிழில் சிந்தித்துப் பழகியவர் ஆங்கிலத்தில் எங்கெங்கே தவறுகிறாரோ அந்த இடங்களை விளக்குவதற்கு இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

மட்டக்களப்பு நகரிலும் களுவாஞ்சிகுடியிலும் பரீட்சார்த்திகளிடையே கைமாறும் ரியூட்களில், அதாவது தனியார் வகுப்புப் பயிற்சித் தாள்களில், பெரும்பகுதி இந்திய வழிகாட்டி நூல்களிலிருந்து எடுத்தவையாகவே தெரிகின்றன. இந்தியாவின் மத்திய அரசுப் பணியாளர் தெரிவுப் பரீட்சைகளில் மரபுத்தொடருக்குப் பொருள் காண்பதும், நீண்ட விளக்கமொன்றுக்கு ஈடான ஒற்றைச் சொல்லைத் தெரிவதும் தனி வினா வகைகளாகவே உள்ளன. ஆகவே அங்குள்ளவர்கள் அவற்றைப் பாடமாக்குவதில் நியாயம் உண்டு. எங்கள் இலங்கையில் ஆங்கிலம் எந்த அளவில், எந்த வடிவில் சோதிக்கப்படுகிறது என்பது பரீட்சைக்குப் பரீட்சை வேறுபடுகிறது. விண்ணப்பம் கோரி அரசாங்க இதழான வர்த்தமானியில் வரும் அறிவித்தலில் வினாத்தாள்களின் விபரம் தரப்பட்டிருக்கும். அதனை வாசித்துப் பார்ப்பதற்கு முன்பே நூற்றுக்கணக்கான மரபுத்தொடர்களை மனனம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதே என் கவலை.

ஓய்வுபெற்ற பின்னர் இப்பிள்ளைகளின் பயிற்சி விடைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அரிதான சொல் தெரியாமல் புள்ளி இழப்பவர்களைவிட, எளிய வாக்கியத்தில் இழப்பவர்களே அதிகம். தமிழில் ‘அவர் நேற்று வந்திருக்கிறார்’ என்று சொல்வதில் பிழை எதுவுமில்லை. அதே அமைப்பை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்று எழுதினால் அது பிழையாகிவிடுகிறது. முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல் வந்துவிட்டால் அங்கே சாதாரண இறந்தகாலமே வர வேண்டும். ‘பற்றிக் கலந்துரையாடினோம்’ என்ற பழக்கத்தில் ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின்னால் ‘எபௌட்’ சேர்த்துவிடுகிறார்கள். ‘அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது’ என்பதை எழுதும்போது, உள்ளே வரும் கேள்வியை ‘வேர் ஹீ இஸ்’ என்று மாற்றாமல் ‘வேர் இஸ் ஹீ’ என நேர்க் கேள்வியின் ஒழுங்கிலேயே விட்டுவிடுகிறார்கள். ‘எ’, ‘அன்’ ஆகியவற்றுள் எது வரும் என்பதை அடுத்த சொல்லின் முதல் எழுத்தை வைத்துத் தீர்மானிக்குமாறு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பது ஒலி. அதனால்தான் ‘எ யுனிவர்சிட்டி’ என்றும் ‘அன் அவர்’ (ஒரு மணித்தியாலம்) என்றும் ‘அன் எம்.பி.’ என்றும் வருகின்றன. ‘த’ என்ற சொல்லுக்கு நேரான ஒன்று தமிழில் இல்லாததால் அது வேண்டிய இடத்தில் விடுபட்டும் வேண்டாத இடத்தில் நுழைந்தும் நிற்கிறது. இவை கவனக்குறைவால் வருபவை அல்ல. தாய்மொழியின் வாக்கிய அமைப்பு பிறமொழிக்குள் இயல்பாக வந்து நிற்பதால் நேர்பவை. அந்த இடத்தைச் சுட்டிக்காட்டித் தமிழிலேயே காரணத்தை விளக்கிவிட்டால் பெரும்பாலானோர் விரைவில் திருத்திக்கொள்கிறார்கள்.

மரபுத்தொடர்கள் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அவற்றைப் பொருளோடு மட்டும் படித்தவர், நண்பரோடு பேசும்போது சொல்லத்தக்க தொடரொன்றை உத்தியோகபூர்வக் கடிதத்திலும் எழுதிவிடுகிறார். எங்கே பொருந்தும் என்பது வாக்கியத்தோடு படித்தால்தான் தெரியும். சொல்வளமும் அப்படியே. கடும் மழைக்கு ஆங்கிலத்தில் ‘ஹெவி’ என்றும் பலத்த காற்றுக்கு ‘ஸ்ட்ரோங்’ என்றும் வரும். இடம் மாற்றிப் போட்டால் இலக்கணம் கெடாது, ஆனால் ஆங்கிலம் அறிந்தவருக்கு உடனே உறுத்தும். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை அகராதிப் பொருள்களின் பட்டியலிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வர்த்தமானி தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியாகிறது. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கைகளும் மும்மொழிகளிலும் வருகின்றன. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட மக்கள் எப்படியும் அவற்றைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். தமிழ்ப் பிரதியில் ஒரு பந்தியை வாசித்து, அதைத் தாமே ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் ஆங்கிலப் பிரதியோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் தனிக் கொப்பியில் குறித்துவைப்பது மெதுவான பயிற்சிதான். ஆனாலும் வகுப்புக் கட்டணமோ பஸ் செலவோ இல்லாமல், வாகரையிலோ வெல்லாவெளியிலோ இருக்கும் ஒருவரும் இதைச் செய்யலாம். அவ்வாறு செய்பவர் நாளை தமது மேசைக்கு வரப்போகும் அலுவலக மொழியையும் சேர்த்தே பழகிக்கொள்கிறார்.

தமிழ் வழியாக விளக்கினால் ஆங்கிலம் வராது என்று சிலர் வாதிடுகிறார்கள். 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றவர். அவரைத் தந்த மண்ணில் இந்த வாதம் எடுபடக்கூடாது.

ஆகவே, தங்கள் பக்கத்தில் வாரம் ஒரு சிறு பந்தியைத் தமிழில் தந்து, வாசகர்களை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பொதுவாக நேர்ந்த பிழைகளைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். தற்போது வெறும் எழுத்திலக்கமாக மட்டும் வெளியாகும் பல்தேர்வு விடைகளுக்கும், மற்றைய தெரிவுகள் ஏன் பொருந்தா என்பதை ஓரிரு வரிகளில் சேர்த்துவிடலாம். இடம் போதாதெனில் மரபுத்தொடர்ப் பெட்டியை மாதம் ஒருமுறையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். திருத்தும் பணியில் உதவுவதற்கு நானும், எங்கள் பகுதியிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் எவ்விதக் கொடுப்பனவும் எதிர்பாராமல் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.