தொலைநோக்கி வாங்குவதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

இங்கு நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல்.

விண்மீன் திரள்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தொலைநோக்கி வாங்கப் பணம் சேர்த்து வருவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். தாராளமாக வாங்கு. ஆனால் அதற்கு முன் ஒருமுறையாவது ஆந்திரமேடா விண்மீன் திரளை வெறுங்கண்ணால் பார்த்துவிடு என்பது என் ஆசை.

வட அரைக்கோளத்தில் இருக்கும் உனக்கு நவம்பர் மாத முன்னிரவில் அது நன்றாக உயர்ந்து நிற்கும். பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களும் உத்திரட்டாதியின் இரண்டு விண்மீன்களும் சேர்ந்து வானில் ஒரு பெரிய சதுரம் போடுவதை நீ சிறு வயதிலேயே அடையாளம் கண்டிருக்கிறாய். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து விலகிச் செல்லும் வரிசையில் பளிச்சென்று தெரிவது மிராக். அங்கிருந்து காசியோபியா விண்மீன் கூட்டத்தின் பக்கமாகத் திரும்பி, சற்று மங்கலான இரண்டு விண்மீன்களைத் தாண்டினால், இரண்டாவதை ஒட்டியே கொஞ்சம் நீண்டு, விளிம்பில்லாமல் ஒரு வெண்கறை தெரியும். அதுதான்.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் தேடிய இரவில், சரியான இடத்தையே அரை மணி நேரம் உற்றுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. சலித்துப் போய்ப் பார்வையை மிராக் பக்கம் திருப்பிய கணத்தில், கடைக்கண்ணில் புகை போல ஏதோ தட்டுப்பட்டது. நேராகப் பார்த்தேன், காணவில்லை. மறுபடி விலகிப் பார்த்தேன், இருந்தது. விழித்திரையின் நடுவில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காணும் கூம்பு செல்களே நெருக்கமாக இருக்கின்றன என்பதையும், மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் அந்த நடுப்புள்ளியில் இல்லாமல் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன என்பதையும் பிறகுதான் படித்தேன். ஆகவே பார்க்க விரும்புவதற்குச் சற்றுப் பக்கத்தில் பார். அந்தச் செல்கள் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடமாவது ஆகும். இடையில் ஒரே ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் பழகியதெல்லாம் வீணாகிவிடும். வெளிச்சம் தேவைப்பட்டால் டார்ச்சின் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள். நிலவில்லாத இரவாகவும், நகரத்து விளக்கொளி எட்டாத இடமாகவும் இருக்கட்டும்.

நாம் தனித்தனியாகக் காணும் விண்மீன்கள் எல்லாம் நம் பால்வெளிக்குள் இருப்பவை. அந்தக் கறையோ அவற்றையெல்லாம் கடந்து, ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. உன் கண்ணில் வந்து முடியும் அந்த ஒளி புறப்பட்டபோது நம் மனித இனமே தோன்றியிருக்கவில்லை. பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964-ஆம் ஆண்டிலேயே அதை ஒரு சிறு மேகம் என்று குறித்து வைத்தார். அது நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனித் திரள் என்று உறுதிப்பட, எட்வின் ஹபிள் 1923-இல் அதற்குள், தொலைவைக் கணக்கிட உதவும் ஒரு துடிக்கும் விண்மீனைக் கண்டறிய வேண்டியிருந்தது. இத்தனை நூற்றாண்டுகளாக அது எல்லோர் கண்ணெதிரிலும் இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

தொலைநோக்கி வந்தபின் நீ ஏமாந்துவிடக் கூடாதே என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். ஆந்திரமேடாவின் முழு நீளம் ஆறு முழு நிலவுகளை வரிசையாக வைத்த அளவு இருக்கும். நாம் காண்பது அதன் ஒளி மிகுந்த நடுப்பகுதியை மட்டுமே. அதிக உருப்பெருக்கத்தில் பார்த்தால் அந்த நடுப்பகுதிகூட முழுதாகப் பார்வைக்குள் அடங்காது. சுற்றியுள்ள இருட்டோடு சேர்த்துப் பார்ப்பதற்குக் கண்ணே நல்லது.

மிகவும் இருண்ட இடம் வாய்த்தால், மிராக்கின் மறுபக்கத்தில் ஏறக்குறைய அதே தொலைவில் முக்கோணத் திரளையும் தேடிப் பார். அது 27 லட்சம் ஒளியாண்டுகள் தள்ளி இருப்பது, பிடிபடுவது கடினம். என்றாவது தென் அரைக்கோளத்துக்குப் போனால் மெகல்லன் மேகங்கள் என்னும் இரண்டு சிறு திரள்களும் தேடாமலே கண்ணில் படும். பால்வெளியிலிருந்து கிழிந்து விழுந்த துண்டுகள் போல இருக்கும்.

வருகிற அமாவாசையன்று வானம் தெளிவாக இருந்தால் போய்ப் பார். கறை எந்தப் பக்கம் சாய்ந்து நீண்டிருந்தது என்று ஒரு சிறு படம் வரைந்து அனுப்பு. நானும் அன்றிரவு வரைந்து வைக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா