ஸ்காபா ஃப்ளோவுக்குப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

சனிக்கிழமை ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளுக்குப் போகிறேன், அங்கே ஸ்காபா ஃப்ளோ விரிகுடாவில் மூழ்கிக் கிடக்கும் ஜெர்மன் கப்பல்களைப் பார்க்க இறங்குகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் கேட்கிறவளா நீ?

முப்பது வருடம் இன்ஜின் ரூமில் கிடந்தவனுக்கு அந்தக் கப்பல்களின் கதை வயிற்றைப் பிசைகிறது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் கப்பல்களை அங்கே காவலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். 1919 ஜூன் 21 அன்று, அவை பிரிட்டன் கைக்குப் போய்விடக் கூடாது என்று ஜெர்மன் தளபதி ராய்ட்டர் கட்டளையிட, மாலுமிகள் தாங்களே கடல் வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். 74 கப்பல்களில் 52 மூழ்கின. ஒரு வால்வு கசிந்தாலே விடிய விடியக் கண் மூடாதவர்கள் நாங்கள். அந்தக் கைகள் எப்படித்தான் திருகினவோ!

பெரும்பாலானவற்றைப் பிறகு தூக்கி இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ஏழு மிச்சம். மார்க்கிராஃப் போன்ற பெரிய போர்க்கப்பல்கள் பீரங்கிகளின் கனத்தால் கவிழ்ந்து 45 மீட்டர் வரை ஆழத்தில் குப்புறக் கிடக்கின்றன. நீ சொன்ன கோல்ன், 36 மீட்டரில் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. சுற்றிப் பார். உள்ளே மட்டும் நுழையாதே.

ஒருமுறை நடுக்கடலில் எங்கள் கப்பலில் மின்சாரம் போய்விட்டது. ஏணி எட்டடி தூரத்தில்தான். தினமும் இருபது தடவை ஏறி இறங்கிய ஏணி. இருட்டில் குழாய் குழாயாகத் தடவி அதைப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஒருக்களித்துக் கிடக்கும் கோல்னிலோ தரை சுவராக நிற்கும், கதவு தலைக்கு மேல் இருக்கும். உன் கால் துடுப்பு ஒருமுறை பட்டால் போதும், நூறு வருட வண்டல் கிளம்பி விளக்கையே மறைத்துவிடும். எனக்காவது மூச்சுவிடக் காற்று இருந்தது. உனக்குச் சிலிண்டரில் உள்ளதுதான் கணக்கு.

கோடையிலும் அங்கே தண்ணீர் 12, 13 டிகிரிதான். தண்ணீர் புகாத உலர் உடையின் கழுத்து ரப்பரில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே இறங்கும். கூந்தலை நன்றாக ஒதுக்கிக் கட்டு. உடைக்குள் இருக்கும் காற்று கால் பக்கம் சேர்ந்தால் தலைகீழாக மேலே தூக்கிவிடும். கையுறையோடு கொக்கிகளைக் கழற்றி மாட்டிக் கரையிலேயே பழகிக்கொள்.

எவ்வளவு ஆழம் என்று அம்மா கேட்டாள். நம் வீட்டுக் கிணறு அளவுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போனில் 36 என்று உளறிவிடாதே.

அன்புடன்,
அப்பா