அந்த 11-ஐ அழிக்க விடாத தங்கச்சிக்கு

எங்கள் தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பட்டியல் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று நேற்றுப் பின்னேரம் செய்தி வந்தது. இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை.

இராத்திரி இராத்திரியாக உட்கார்ந்து பெயர்களைத் தட்டிய தம்பிமார், தோட்டத்து வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்கி அடையாள அட்டை இலக்கம் பார்த்துத் தந்த அக்காமார், கொட்டும் மழையில் ஹட்டனுக்கு ஏற்றி வந்து கூலி வாங்க மறுத்த ஓட்டோ அண்ணன், போன வீடெல்லாம் தேத்தண்ணி தந்தவர்கள், எல்லாரையும் கும்பிடுகிறேன்.

ஆனால் டவுனில் அந்தக் கொமினிகேஷனில், அதுதான் கம்ப்யூட்டர் வேலை செய்து தருகிற கடையில், இருக்கிற தங்கச்சிக்கு விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் அம்மா.

கடைசி முறையும் பட்டியல் கோப்பு ஏற்கப்படாமல் திரும்பி வந்தபோது நீங்கள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றினீர்கள். திறந்து பார்த்தால் எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. "கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதோ உள்ளுக்கு இருக்கு அண்ணா" என்றீர்கள்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிற ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 31 வரையும் 127-உம் உருவமில்லாத கட்டுப்பாட்டுக் குறிகள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அதில் 9 டேப். 10-உம் 13-உம் வரி முடிவு. 32-க்குக் கீழே இந்த மூன்றைத் தவிர வேறு எதையும், நாங்கள் அனுப்பிய எக்ஸ்எம்எல் வகைக் கோப்பு ஏற்காதாம். அதனால் ரசீதின் பின்பக்கத்தில், சதுர அடைப்புக்குள், 0 முதல் 8 வரை, 11, 12, 14 முதல் 31 வரை, 127 என்று ரெஜெக்ஸ், அதாவது எழுத்துகளைத் தேடிப் பிடிக்கிற சூத்திரம், எழுதினீர்கள். கட்டுப்பாட்டுக் குறி எல்லாவற்றையும் ஒரே சொல்லில் பிடிக்கிற வழியும் உண்டு, ஆனால் அது டேபையும் வரி முடிவையும் சேர்த்து அள்ளிவிடும், பட்டியல் முழுதும் ஒரே வரியாகிவிடும் என்று விளக்கினீர்கள்.

நான் அவசரப்பட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றேன்.

"பொறுங்க அண்ணா. ஒரு பிரதி எடுத்துட்டு, முதல்ல தேடி மட்டும் பார்ப்போம்."

பத்தொன்பது இடம் அகப்பட்டது. ஒவ்வொன்றாக நின்று பார்த்தீர்கள். பதினேழு வெறும் குப்பை. மற்ற இரண்டும் 11. வேர்டில் ஷிஃப்டோடு என்டர் தட்டினால் விழுகிற வரி முறிவு அதுதான் என்றீர்கள். அதில் ஒன்று, லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருக்கிற இரண்டு அம்மாமாரின் பெயர்களுக்கு நடுவில் இருந்தது. அழித்திருந்தால் இரண்டு பேரும் ஒட்டி ஒரே ஆளாகியிருப்பார்கள். நீங்கள் 11-ஐ 10 ஆக மாற்றினீர்கள். ஒருவர் கீழே ஒருவராக, இரண்டு பெயரும் தனித்தனியே வந்து நின்றன.

இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்டு, பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஒரு பெயர் விடுபடுவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

உங்கள் கடைசி பஸ் போய்விட்டதை நீங்கள் சொல்லவே இல்லை. உங்களை வீட்டில் கொண்டுபோய் விட்ட ஓட்டோ அண்ணன்தான் அப்புறம் சொன்னார். காசும் வாங்கவில்லை.

இனி எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் தேடிப் பார்க்காமல் ஒரு குறியையும் அழிக்க மாட்டேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அந்த ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை கடைக்கு வருகிறேன். அந்த இரண்டு அம்மாமாரும் கூட வருகிறார்கள். உங்களைப் பார்க்க வேண்டுமாம்.