நிற்கிற விமானத்தில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் புகைப்படக்கலை பற்றி வந்த கட்டுரையில், விமானம் என்றால் பறக்கும்போதுதான் படம் எடுக்க வேண்டும், அருங்காட்சியகத்தில் நிற்பதெல்லாம் செத்த விமானம் என்கிற மாதிரி ஒரு வரி வந்திருந்தது. மற்றபடி நல்ல கட்டுரைதான், குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் அரக்கோணத்துக்காரன். 1992-இல் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் வந்த பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டி.யூ.142 என்ற பெரிய கடல் கண்காணிப்பு விமானத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். நாலு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றும் இரண்டு விசிறி, ஆக மொத்தம் எட்டு. ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும், வாத்தியார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அது போய்த் தொலையட்டும் என்று நிற்பார். ஆனால் என்னிடம் ஒரு படம்கூடக் கிடையாது. கடற்படைத் தளத்து வேலிப் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு யார் போவது? 2017 மார்ச்சில் அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதே வருடம் டிசம்பரில் விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஒன்றை அருங்காட்சியகமாக்கித் திறந்தார்கள். இத்தனை வருஷம் தலைக்கு மேல் போனதை அங்கே போய்த்தான் முதன்முதலாகக் கிட்டத்தில் நின்று படம் எடுத்தேன், ஒரே நாளில் 200-க்கு மேல். செத்த விமானம் என்று எனக்குத் தோன்றவில்லை சார்.

அந்த ருசியில்தான் அப்புறம் கோவாவுக்குப் போனேன். டாபோலிம் விமான நிலையத்திலிருந்து போக்மாலோ கடற்கரைக்குப் போகிற வழியில் 1998-இல் தொடங்கிய கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. கோவா போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே போனதும் சூப்பர் கான்ஸ்டலேஷன். மூன்று வால், மீன் மாதிரி வளைந்த உடம்பு, ஐ.என். 315 என்று எண். ஒருகாலத்தில் ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரிந்தது, பிறகு விமானப்படைக்குப் போனது, 1976-இல் கடல் கண்காணிப்பு வேலை கடற்படைக்கு மாறியபோது அதோடு சேர்ந்து இதுவும் மாறியது. அதற்காகத் தொடங்கிய 312-ஆம் ஸ்குவாட்ரன் என்கிற விமானப் பிரிவுதான் 1988-இல் டி.யூ.142-ஐ வாங்கிக்கொண்டது, அதுதான் பின்னால் அரக்கோணத்துக்கு வந்தது. ஆக நான் எதிரே நின்றது எங்கள் ஊர் விமானத்துக்குத் தாத்தா முறை! இது தெரிந்த பிறகு கிளம்ப மனசு வரவில்லை, வீட்டுக்காரி நிழல் தேடிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சரி, கட்டுரையாளர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பறக்கிற விமானத்தில் உங்களுக்கு ஒரு உருவம் கிடைக்கும், அவ்வளவுதான். நிற்கிறதைச் சுற்றி வந்தால் அது எப்படி வேலை செய்தது என்பதே கிடைக்கும். அங்கே இருக்கிற சீ ஹாக்கை எடுத்துக்கொள்ளுங்கள், 1971 போரில் விக்ராந்த் கப்பலிலிருந்து கிளம்பிப் போய் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய ரகம் அது. ஜெட் விமானம்தானே என்று பின்பக்கம் போய்ப் பார்த்தால் புகை வருவதற்கு ஓட்டையே இல்லை! நான் கொஞ்ச நேரம் குழம்பிப் போனேன். என்ஜினிலிருந்து வரும் குழாயை இரண்டாகப் பிரித்து, இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக விட்டிருக்கிறார்கள், அப்படிச் செய்ததால் பின்னால் எரிபொருள் தொட்டிக்கு இடம் கிடைத்தது. எல்லோரும் மூக்குக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள், இந்தப் பின்பக்கத்தை எடுக்க ஆளில்லை. நேராகக் கீழே இறங்கக்கூடிய சீ ஹாரியர் ஜெட்டும் அப்படித்தான், பக்கத்துக்கு இரண்டாகத் திரும்பக்கூடிய நாலு குழாய், முன்னிரண்டில் வெறும் காற்று, பின்னிரண்டில் சூடான புகை. உட்கார்ந்து கீழேயிருந்து எடுத்தால்தான் இறக்கை நுனியில் தொங்குகிற அந்தச் சின்னச் சக்கரங்களோடு சேர்ந்து கணக்கு புரியும்.

இன்னொன்று. கடலோரத்தில் திறந்தவெளி, உப்புக் காற்று, வெயில், அதற்கு மேல் கோவா மழை. எந்த ஊரானாலும் வெளியே நிற்கிற விமானத்துக்கு அவ்வப்போது பெயிண்ட் அடித்துத்தான் ஆக வேண்டும், அப்படி அடிக்கும்போது "இங்கே மிதிக்காதே" போன்ற பொடி எழுத்துகள், எண்கள், கதவோர அடையாளங்கள் பூச்சுக்குள் போய்விடலாம். பிறகு யாராவது பழையபடி மாற்ற நினைத்தால், அல்லது மாடல் செய்கிற ஒரு பையன் சரியாகச் செய்ய ஆசைப்பட்டால், நம்மைப் போன்றவர்கள் என்றோ எடுத்த படம்தான் கைகொடுக்கும். அதனால் முழு விமானத்தை ஒன்று எடுத்துவிட்டு, மீதி நேரத்தை எழுத்துக்கும் ஆணிக்கும் செலவழியுங்கள் என்பேன்.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. மதியம் போய்விடாதீர்கள், தகடு பளபளத்துக் கண்ணைக் கூசும், வயிற்றுப் பகுதி கரி மாதிரி இருண்டுவிடும். பளபளப்பைக் குறைக்கிற பொலரைசர் ஃபில்டர் கொஞ்சம் உதவும், ஆனால் திறந்தவுடன் நுழைவதற்கு ஈடில்லை. மேகம் மூடியிருந்தால் இன்னும் வசதி, வெள்ளை வானத்தைப் பார்த்து கேமரா ஏமாந்துவிடும் என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டால் போதும். திங்கட்கிழமை விடுமுறை, நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

இத்துடன் மூன்று படங்கள் அனுப்புகிறேன்: கான்ஸ்டலேஷனின் வால், சீ ஹாக்கின் பின்பக்கம், விசாகப்பட்டினத்தில் எடுத்த எட்டு விசிறி. இடம் இருந்தால் போடுங்கள், ஆனால் பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று விமானத்தின் எண்ணை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகன்